தூண்டில் கேள்வி பதில்: எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கெளுத்தியும், ராத்திரி மிதக்க விட்டு விடிந்ததும் எடுக்கிற மிதவைத் தூண்டிலும்தான். அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

அண்ணே, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆறு மிதவைத் தூண்டில் செய்தேன். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெரிய குளத்தில் சாயங்காலம் விட்டேன். விடிந்து பார்த்தால் நாலுதான் இருந்தது, நாலிலும் இரை போட்டபடியே இருந்தது. எட்டடித் தண்ணீர், இரண்டடித் தூண்டில் நரம்பு. எங்கே தப்பு?
– வாசகர், காட்டுமன்னார்கோயில்

தம்பி, குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டது ரொம்ப நல்ல காரியம். தப்பு நரம்பின் நீளத்தில் இருக்கிறது. கெளுத்தி தரையைத் தடவிக்கொண்டு மேயும் மீன். எட்டடித் தண்ணீரில் இரண்டடியில் இரை தொங்கினால் அது இவன் தலைக்கு ஆறடி மேலே. வேறு மீன் கொத்தலாம், கெளுத்தி வராது. ஒரு நூலில் கல்லைக் கட்டி இறக்கி ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். தரையோடு கிடந்தால் நண்டு தின்றுவிடும், சேற்றில் புதைந்தும் போகும்.

அப்புறம், நாட்டுக் கெளுத்திக்கு ஒரு லிட்டர் பாட்டில் பெரிது. காற்று அடைத்த ஒரு லிட்டர் பாட்டிலை முழுக்க முக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு கிலோ இழுப்பு வேண்டும். கால் கிலோ மீன் வாயில் வைத்ததும் அந்தப் பிடிமானம் தெரிந்து துப்பிவிடும். கெளுத்திக்கு அரை லிட்டர் பாட்டில் அல்லது பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிய துண்டு போதும். வாளை என்கிற பெரிய வேட்டை மீன் இருக்கிற தண்ணீர் என்றால் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் சரி. எங்கள் பெரியப்பா காலத்தில் சுரைக்குடுக்கைதான். காய்ந்த குடுக்கையின் வாயைத் தேன்மெழுகு வைத்து அடைத்து, கழுத்தில் கயிறு கட்டுவார். கொள்ளிடத்தில் அது மிதந்து போவதைப் பார்த்தால் யாரோ நீந்துகிற மாதிரியே இருக்கும்.

கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன். பாட்டில் கழுத்து வழவழப்பு, நரம்பும் வழவழப்பு. நேராகக் கட்டினால் ராத்திரி முழுக்க ஆடி ஆடி முடிச்சு நழுவும். உங்கள் இரண்டு மிதவை போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டிக் கழுத்தில் மாட்டி, அதன் மேல் நரம்பை மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். ரப்பர் நரம்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மூடியை இறுக்குவதற்கு முன் பாட்டிலுக்குள் ஏழெட்டுப் புளியங்கொட்டை போடுங்கள். மீன் இழுத்து பாட்டில் ஆடினால் கடகடவென்று சத்தம் வரும். காற்றில்லாத ராத்திரியில் கரையில் படுத்திருப்பவர் காதுக்கு அது நன்றாகக் கேட்கும். பாட்டிலின் ஒரு பக்கத்துக்கு வெள்ளை, மறுபக்கத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்தால் டார்ச் வெளிச்சத்தில் எது புரண்டது என்று தெரியும்.

கெளுத்திக்கு 0.40 மில்லிமீட்டர் நரம்பு போதும், சுண்டு விரல் நகம் அகலத்துக்கு வாய் உள்ள முள். வாளைக்கு 0.60 நரம்பு, கட்டை விரல் நகம் அகல முள், முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி. வாளையின் வாயில் பொடிப்பொடியாகக் கூரான பல் வரிசை வரிசையாக இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தால் வரும் ஒற்றை இழை இதற்கு அருமையாக உதவும். முள்ளிலிருந்து ஒரு முழம் மேலே ஈயக்குண்டு. ஓடுகிற தண்ணீரில் மிதவையைச் சும்மா விடவே கூடாது. தனிக் கயிற்றில் அரை செங்கல்லைக் கட்டி நங்கூரம் போடுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நாலு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி இரண்டையும் தேடினீர்களா? எனக்குப் பதினேழு வயதில் அணைக்கரைக்குக் கீழே ஏழு மிதவை விட்டு ஆறை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒன்பது நாள் கழித்து நாணல் புதரில் அந்த ஏழாவதைப் பார்த்தேன். முள்ளில் மாட்டிய கெண்டையைப் பிடிக்க முங்கிய நீர்க்காகம் ஒன்று, கழுத்திலும் இறக்கையிலும் நரம்பு சுற்றி, பாட்டிலோடு பாட்டிலாகச் செத்து மிதந்தது. நாம் தூங்கினாலும் மிதவைத் தூண்டில் தூங்காது. எடுக்காமல் விட்டால் நரம்பு இற்றுப்போகும்வரை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். ஆமை, நீர்நாய், பறவை எதுவும் அதற்கு ஒன்றுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் எண் எழுதி வைக்கிறேன். எத்தனை விட்டேன் என்று நோட்டில் குறிக்காமல் தண்ணீரில் இறக்குவதில்லை. நீங்களும் இந்த வாரமே போய் அந்த இரண்டையும் தேடுங்கள் தம்பி. காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தக் கரையின் கோரையில், ஆகாயத்தாமரையில் ஒதுங்கியிருக்கும்.

இன்னொன்று, கொள்ளிடத்தில் அணைக்கரையிலிருந்து சிதம்பரம் பக்கம்வரை முதலை உண்டு. அந்தப் பகுதியில் மிதவையை எடுக்க யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, விடிகாலையிலும் இருட்டிலும் சுத்தமாகக் கூடாது. கரையிலிருந்து கயிறு கட்டிப் போட்டுக் கயிற்றாலேயே இழுத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்குடல் நல்லதா, மண்புழு நல்லதா? கடைக்காரர் நாள்பட்டு நாறிய குடல்தான் கெளுத்திக்கு என்கிறார். எனக்குக் கையில் எடுக்கவே முடியவில்லை.
– வாசகர், திருவையாறு

நாற வேண்டாம். கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, தோல் முழுக்கச் சுவை தெரியும். கலங்கல் தண்ணீரிலும் கும்மிருட்டிலும் அது இரையைக் கண்டுபிடிப்பது அப்படித்தான். அதற்கு வேண்டியது ரத்த வாடை. அழுகிய குடலுக்கு நண்டும் ஆமையும்தான் முந்திக்கொண்டு வருகின்றன. ஆமை மாட்டினால் சட்டப்படியும் தப்பு, மனசுக்கும் கஷ்டம்.

காலையில் கறிக்கடையில் புதுக் குடல் வாங்குங்கள். உள்ளே இருப்பதைப் பிதுக்கிவிட்டு ஒரே ஒருமுறை அலசுங்கள். கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் பிசறி, முறத்தில் பரப்பி இரண்டு மணி நேரம் நிழலில் வையுங்கள். தொட்டுப் பார்த்தால் வழவழப்புப் போய், ஈரச் செருப்பு வார் மாதிரி இழுவையாக இருக்கும். அதுதான் பதம். அரை முழம் எடுத்து முள்ளில் மூன்று நான்கு தரம் மடித்துக் குத்தி, ஒரு விரல் நீளம் வாலாகத் தொங்க விடுங்கள். ஈரல் இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் பொதபொதவென்று கரைந்து விழும். பழைய கொசுவலையில் தீப்பெட்டி அளவுத் துண்டு வெட்டி, ஈரலை அதில் மூட்டையாகக் கட்டி முள்ளில் மாட்டுங்கள். ரத்தம் வலை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், விடியும்வரை நிற்கும்.

மண்புழு சின்னக் கெளுத்திக்கு ராஜ இரை. மாட்டுக்கொட்டகைக் கழிவு நீர் ஓடுகிற இடத்திலும் வாழை அடியிலும் தோண்டினால் தடித்த புழு கிடைக்கும். ஆனால் ராத்திரி முழுக்க நிற்கிற மிதவைக்குப் புழு தாங்காது. பொடி மீன்கள் கொத்திக் கொத்தி இரண்டு மணி நேரத்தில் வெறும் முள்ளாக்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் பார்ப்பவருக்குப் புழு, போட்டுவிட்டுப் படுப்பவருக்குக் குடல் அல்லது சிலேபி மீனின் வயிற்றுத் துண்டு.

வாளைக்கு இந்தக் கதையெல்லாம் இல்லை. கெண்டையைப் போட்டு விராலை இழு என்று விராலுக்குச் சொன்னார்கள், வாளைக்கும் அதே கெண்டைதான். முதுகுத் துடுப்புக்குப் பின்னால், நடு எலும்பில் படாமல் முள்ளை ஏற்றினால் கெண்டை வெகுநேரம் உயிரோடு நீந்தும். வாளை ராத்திரியில் மேலேயும் ஏறி வேட்டையாடும், அதனால் இதற்கு மட்டும் தண்ணீரில் பாதி ஆழம் சரி. ஒரு வேண்டுகோள்: வாளை எங்கள் பக்கம் கண்ணெதிரே குறைந்துவிட்டது. என் சின்ன வயதில் நான் பார்த்த அளவில் பாதி உள்ள மீன்கூட இப்போது அபூர்வம். இரண்டு முழத்துக்குக் குறைந்ததையும், மழைக்காலத்தில் வயிறு உப்பிய பெட்டையையும் விட்டுவிடுங்கள். தவளையை இரையாக்கவே வேண்டாம், வயலுக்கு அது தேவை.

மாவில் பெருங்காயம் கலந்தால் கெளுத்தி வருமா?
– வாசகர், குளித்தலை

கட்லா, ரோகுவுக்குக் கலப்பார்கள், வரும். கெளுத்திக்கு நான் போட்டுப் பார்த்த வரையில் பிரயோஜனம் இல்லை.

ஐயா, என் மகனுக்குப் பதின்மூன்று வயது. வாய்க்காலில் தேளி மீன் குத்தி அரைநாள் துடித்துவிட்டான். பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு தடவச் சொன்னார்கள், எரிச்சல்தான் கூடியது. திரும்ப நடந்தால் என்ன செய்வது?
– ஒரு தாய், பாபநாசம்

அம்மா, சுண்ணாம்பு வேண்டாம், கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் கையை முக்கி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். உங்கள் கையை முதலில் விட்டுப் பார்த்து அப்புறம் அவன் கையை வையுங்கள், வலியில் அவனுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடக் கூடாது. ஆறஆறச் சுடுதண்ணீர் சேர்த்து, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று காட்டி, டிடி ஊசியும் கேளுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ சுடுதண்ணீருக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

மகனுக்கு இதைக் காட்டிக்கொடுங்கள். தேளிக்கு நெஞ்சுத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். கெளுத்திக்கு அதோடு முதுகிலும் ஒன்று. கெளுத்தி பயந்தால் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், அமுக்கினாலும் மடங்காது. கிர்ர் என்று ஒரு சத்தம் வரும், அது முள் குழியில் உராய்கிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் வெறுங்கையால் தொடக் கூடாது. ஈரச் சாக்கால் மூடி, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றட்டும். தேளியைப் பொறுத்தவரை அவன் வயதுக்குக் கையே வைக்க வேண்டாம்.

நாலு கிலோவில் தட்டைத் தலையும் கறுப்புத் திட்டுமாக ஒரு கெளுத்தி மாட்டியது. வேண்டாம் என்று ஆற்றிலேயே விட்டுவிட்டேன். சரிதானே?
– வாசகர், கும்பகோணம்

இல்லை, இது ஒன்றை மட்டும் விடக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 1990-களில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்கு வந்தது, 2000-ல் மத்திய அரசு வளர்க்கத் தடை போட்டது. அதற்குள் பண்ணைகளிலிருந்து தப்பி ஆறு, ஏரி எங்கும் போய்விட்டது. நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் சேறு வற்றும்வரை தாங்கும், நம் கெண்டை, அயிரை, கெளுத்திக் குஞ்சு எதையும் மிச்சம் வைக்காது. மாட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சந்தேகம் வந்தால் மீசையை எண்ணுங்கள்: வாளைக்கு நாலு, இதற்கு எட்டு. நாட்டுக் கெளுத்திக்கும் எட்டுதான், ஆனால் அதன் முதுகில் முள்ளோடு குட்டைத் துடுப்பு இருக்கும். ஆப்பிரிக்கனுக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை நீளமாக ஓடும், அதில் முள் இருக்காது.

கெளுத்தியின் கொழகொழப்புப் போகவே மாட்டேன் என்கிறது. மண் வாடையும் வருகிறது.
– வாசகி, சீர்காழி

செதில் இல்லாத மீன், அதனால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அடுப்புச் சாம்பல் இருந்தால் அதைப் போட்டுக் கரகரவென்று தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் கல்லுப்பும் புளிக் கரைசலின் சக்கையும். செவுளையும் வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வையும் மிச்சமில்லாமல் எடுத்தால் வாடை பாதி போய்விடும். மீதியை முதல்நாள் கரைத்து வைத்த புளியும் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயமும் பார்த்துக்கொள்ளும். குழம்பு கொதித்த பிறகு மீனைப் போடுங்கள், பத்து நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள்.