பறைப் புத்தகமும் தலை குனிந்த பையனும்

அன்புள்ள அக்கா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பறை கற்றுக்கொள்ளும் ஒரு சிறுமியைப் பற்றிய படக்கதைப் புத்தகத்தைப் போன வாரம் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். பறையைத் தீயில் காய்ச்சுகிற படம் வந்ததும் நாலைந்து பேர் திரும்பி ஒரு பையனைப் பார்த்தார்கள். அவன் அப்பா சாவு வீடுகளில் அடிக்கிறவர். அவன் குனிந்த தலை நிமிரவேயில்லை. "அப்பா எப்படி அடிப்பார், வந்து காட்டு" என்று அவனை எழுப்பியிருக்கலாமோ? இல்லை, வீணை, பரதநாட்டியம் என்று வேறு புத்தகத்துக்குப் போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

எழுப்பாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். பெருமைப்படு என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம், சாயங்காலம் அதே பிள்ளைகளோடு அதே தெருவில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டியவன் அவன். புத்தகத்தையும் மாற்றாதீர்கள். ஏன் மாற்றினீர்கள் என்பது முதலில் அவனுக்குத்தான் புரியும்.

எனக்கு இடறுவது உங்கள் கடிதத்தில் இருக்கும் 'அமைதியாக' என்ற சொல். பறையைப் பற்றிய புத்தகத்தை ஏன் அமைதியாகக் கேட்க வேண்டும்? கைக்கு வேலை இல்லாவிட்டால் கண் யாரையாவது தேடத்தான் செய்யும். அடுத்த முறை ஆளுக்கொரு பென்சிலும் ஒரு ஈர்க்குச்சியும் கொடுங்கள். பறைக்கு இரண்டு குச்சிகள்: குட்டையாகத் தடித்தது அடிக்குச்சி, நீளமாக மெலிந்தது சிண்டுக்குச்சி. பென்சில் அடிக்குச்சி, ஈர்க்குச்சி சிண்டுக்குச்சி, நோட்டு அட்டைதான் தோல். நீங்கள் ஒரு வரி வாசிக்க, அவர்கள் ஒரு அடி அடிக்கட்டும். ஒரு பக்கத்துக்காவது எல்லாரையும் எழுப்பி நிற்க வையுங்கள், பறை அடித்துக்கொண்டே ஆடுகிற கலை, உட்கார்ந்தபடி அது பாதிதான் வரும். தலைமையாசிரியர் சத்தம் என்பார். சரி, வேப்ப மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் பயப்படுகிற அந்தத் தீப் பக்கம்தான் புத்தகத்திலேயே நல்ல பக்கம். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும், அனலில் காட்டினால் இறுகி ஒலி கணீரென்று ஏறும். மழை நாளில் முறுக்கு ஏன் நமத்துப் போகிறது என்று ஆரம்பியுங்கள். எல்லார் வீட்டிலும் முறுக்கு டப்பா உண்டு.

அப்புறம், தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய பொருட்களை அடுக்கும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல், குமரி மாவட்டத்தில் இன்றும் அது பேச்சில் உண்டு. 2025-இல் மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், படம் கிடைத்தால் காட்டுங்கள். இதையெல்லாம் அவன் பக்கம் திரும்பாமல், கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொல்லுங்கள்.

இன்னொன்று, என் சொந்தக் கதை. என் புத்தகம் ஒன்றில் தவில்காரருக்கு இரண்டு கையிலும் குச்சி வரைந்து அச்சாகிவிட்டது, நானும் கவனிக்கவில்லை. வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் மட்டும் குச்சி பிடிப்பார்கள். ஒரு பள்ளியில் வாசித்தபோது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, "இது தப்பு" என்றாள். அவள் மாமா தவில் வாசிப்பவராம். அன்றிலிருந்து எந்த இசைப் புத்தகத்தை எடுத்தாலும் "படத்தில் ஏதாவது தப்பு இருக்கா?" என்று வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்கிறேன். தெரிந்த பிள்ளை வாய் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்.

அவன் அப்பாவை வகுப்புக்கு அழைக்கலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். முதலில் பையனிடம் தனியாகக் கேளுங்கள், அவன் சரி என்றால் மட்டும் அவரிடம். வந்தால் ஆண்டு விழா விருந்தினருக்குப் போடுகிற அதே நாற்காலி, அதே டம்ளரில் டீ, கையில் அன்றைய கூலிக்குக் குறையாத பணம். வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். இந்த வேலை தன்னோடு போகட்டும் என்றுதான் சிலர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அவர்களிடம் போய்க் கலையின் மகத்துவம் பேச நமக்கு வாய் ஏது?

புத்தகத்தை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கட்டும். அவன் ஒருநாள் எடுத்துப் புரட்டினால் நீங்கள் பாட்டுக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருங்கள்.