க்னாவா யாருக்காக?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மொரோக்கோவின் க்னாவா இசை ஆளையே மெய்மறக்கச் செய்யும் என்று எழுதியிருந்தீர்கள். நம்பி ஒரு முழு ஆல்பம் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேற்கத்திய மேடைக்கும் ஆல்பத்துக்கும் போனதில் சாரம் போய்விட்டதா?

கே.

அன்புள்ள கே.,

உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் ஆச்சரியமில்லை. அது உங்களுக்காக வாசித்ததல்லவே!

சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த இசை இது. 'லீலா' என்ற சடங்கில் விடிய விடிய வாசிப்பார்கள். ஒருவரைப் பிடித்திருக்கும் ஆவிக்கு உரிய பாட்டு, உரிய நிறத்தில் துணி, உரிய புகை என்று எல்லாம் தனித்தனி. மூன்று நரம்புள்ள கெம்ப்ரி என்ற வாத்தியத்தை வாசிக்கும் குழுத்தலைவரான மாலெமின் கண், ஆவி பிடித்து ஆடுபவர் மேலேயே இருக்கும். சுற்றியிருப்பவர்கள் கையில் க்ரகேப், நம்மூர் சிப்ளாக்கட்டையை இரும்பில் செய்ததுபோல. எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஆடுகிற உடம்பைப் பார்த்து முடிவாவது. ஆல்பத்தில் அந்த உடம்பு கிடையாது. பாட்டை எங்காவது ஓரிடத்தில் மெல்ல மங்க வைத்து முடித்துவிடுகிறார்கள்.

அதற்காக மேற்கத்தியர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஜாஸ் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் 1960களின் இறுதியில் மொரோக்கோவின் டான்ஜியர் நகருக்கே குடிபோய், அங்கே கிளப் நடத்தி, மாலெம்களோடு பழகியவர். மராகேஷில் 1992இல் அவர் முன்னின்று பதிவுசெய்த ஆல்பத்தில் பெரும்பாலும் ஒதுங்கி நின்று அவர்களை வாசிக்க விடுகிறார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். 1994இல் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ், மொரோக்கோவின் கடற்கரை ஊரான எஸ்ஸவீராவில் மாலெம் மஹ்மூத் கினியாவோடு பதிவு செய்தது வேறு ரகம். அதில் சாக்ஸஃபோன்தான் கெம்ப்ரிக்கு வளைந்துகொடுக்கிறது. (இசைக் கலப்பு என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.)

1998 முதல் எஸ்ஸவீராவில் க்னாவா விழா நடக்கிறது. 2019இல் க்னாவாவை யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஒருகாலத்தில் தாழ்வாகப் பார்க்கப்பட்டவர்களுக்குக் கூலியும் மரியாதையும் இதனால் கூடியது உண்மை. வீடுகளில் லீலாவும் நின்றுபோகவில்லை. மேடையேறும் மாலெம்களில் பலர் அதற்கும் போகிறார்கள். என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: விழா மேடையில் பின்னால் ராக் டிரம்ஸை வைத்துக் கெம்ப்ரியை அமுக்கிவிடுவது. தாளத்துக்குத்தான் க்ரகேப் இருக்கிறதே, அப்புறம் எதற்கு அது?

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வெஸ்டனின் ஆல்பத்தைச் சொல்வேன்.