எக்ஸோஸ்ட் மாற்றிய காரில் ஒட்சிசன் சென்சர் ஏன் தவறாகக் காட்டுகிறது?

ஒட்சிசன் சென்சர் என்பது, எரிந்து எக்ஸோஸ்ட் என்ற புகைக்குழாயால் வெளியேறும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்பதை உணர்ந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும் கருவி. சாதாரண சென்சரில் ஏறத்தாழ 0.45 வோல்ற்றுக்கு மேல் என்றால் பெற்றோல் கூட, கீழ் என்றால் குறைவு. கூழை ருசி பார்த்து "உப்புக் கூட", "உப்புக் குறைவு" என்று மட்டும் சொல்பவரைப் போன்றது அது. எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பழைய ஜப்பானியக் கார்களுக்கு வேறு எக்ஸோஸ்ட் பூட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சென்சருக்கு முன்னுள்ள பொருத்துகளையே. பொருத்துகளின் இடையே வைக்கும் அடைப்புத் தகடான கஸ்கட் சரியாக அமராவிட்டால், புகை விட்டுவிட்டு வெளியேறும் இடைவெளிகளில் வெளிக்காற்று உள்ளே இழுபட, சென்சர் அதை மிஞ்சிய ஒட்சிசனாக எண்ணிப் "பெற்றோல் குறைவு" என்கிறது. கணினியும் தேவையின்றிப் பெற்றோலைக் கூட்டுகிறது. குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் கேட்கும் 'டிக் டிக்' ஒலியும், பொருத்தைச் சுற்றிப் படிந்த கரியும் நல்ல தடயங்கள். சென்சரை எஞ்சினிலிருந்து தொலைவுக்கு, புகை ஆறிவரும் இடத்துக்கு மாற்றியிருந்தால், ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குக் கீழ் அது ஒழுங்காக இயங்காது என்பதால், ஹீட்டர் உள்ள சென்சரே வேண்டும்.

முழு வேகத்துக்கு டியூன் செய்கையில் 1 பங்கு பெற்றோலுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று என்ற அளவில் கலவையை வைப்பது வழக்கம், பெற்றோலும் காற்றும் மிஞ்சாமல் எரியும் அளவான 14.7 பங்கை ஒட்டி மட்டுமே தெளிவாகப் பேசும் சாதாரண சென்சரால் அதை அளக்க முடியாது, கலவையின் அளவை விரிந்த எல்லைக்குள் அளக்கும் வைட்பாண்ட் சென்சர் அவசியம்.

"பெற்றோல் குறைவு" என்ற எச்சரிக்கை வந்தாலே சென்சர் பழுது என்று பலர் புதியதை வாங்குகிறார்கள். பெரும்பாலும் சென்சர் தன்னிடம் வந்த காற்றைச் சரியாகவே அளந்திருக்கும்.