கார்ல்சோய் நகராட்சி 2020-இல் கலைக்கப்படவில்லை

நார்வேயின் கார்ல்சோய் நகராட்சிக்கு 2019-க்குப் பிறகு மக்கள்தொகை எண்ணிக்கையே கிடைக்கவில்லை, அது கலைக்கப்பட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் 1936 என்ற பழைய நகராட்சி எண்ணை வைத்துத் தேடுவதால்தான் வரிசை அங்கே நின்றுவிடுகிறது. நகராட்சி அப்படியே இருக்கிறது. மாறியது எண் மட்டும். 2020 முதல் 2023 வரை 5423, 2024 முதல் 5534.

காரணம் மேல்மட்டத்தில். நார்வேயில் நகராட்சி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாவட்டத்தைக் குறிக்கும். கார்ல்சோய் இருக்கும் ட்ரோம்ஸ் மாவட்டமும் ஃபின்மார்க் மாவட்டமும் 2020-இல் இணைக்கப்பட்டு, நான்கே ஆண்டுகளில் மறுபடி பிரிந்தன. அந்தக் கட்டாயக் கல்யாணத்தின் செலவு உங்கள் அட்டவணையில் விழுந்திருக்கிறது.

பக்கத்து நகராட்சியான ட்ரோம்சோவைச் சோதித்துப் பாருங்கள்; அதன் எண்கள் அதே வரிசையில் 1902, 5401, 5501. அதே ஆண்டுகளில் அங்கும் வரிசை அறுபட்டால் சிக்கல் இதுதான். கார்ல்சோயின் மூன்று எண்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

1964-க்கு முன்னால் போனால் கவனம் தேவை. அதுவரை ஹெல்கோய் தனி நகராட்சி. அந்த ஆண்டுதான் கார்ல்சோயுடன் சேர்ந்தது. ஆகவே பழைய கார்ல்சோய் எண்ணிக்கையை இன்றையதோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

வரைபடத்தில் நகராட்சி அலுவலகத்தைக் கார்ல்சோயா தீவில் தேடாதீர்கள். பெயர் கொடுத்தது அந்தச் சிறு தீவு. அலுவலகம் ரிங்வாசோயா தீவின் ஹான்ஸ்னெஸில். நானும் ஒருமுறை தவறான தீவில்தான் குறியிட்டேன்.