வெள்ளைக் குட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு சர்வதேசச் சூழலியல் அமைப்புக்கு மூன்று வருடமாக மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். வெள்ளை சீல் குட்டி ஒன்றின் படத்தைப் பார்த்து அழுதுதான் அதில் சேர்ந்தேன். என் நண்பர் கேலி செய்கிறார். இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, விலங்குரிமைக்காரர்களோ கூண்டை உடைக்கிற ரவுடிகள் என்கிறார். எந்த அமைப்பைத்தான் நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1974 மார்ச்சில் இமயமலையின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியோடு போய் மரம்வெட்டிகளை மறித்து நின்ற பெண்கள், 1977-இல் கென்யாவில் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் நாற்று நட்டவர்கள், ஓகோனி மண்ணை நாசமாக்கிய எண்ணெய்க் கசிவுக்கு எதிராக மக்களைத் திரட்டி, 1995-இல் நைஜீரிய ராணுவ அரசால் தூக்கிலிடப்பட்ட கென் சாரோ-விவா – இதில் யார் வெள்ளைக்காரர், யாருக்கு இது பொழுதுபோக்கு? தெரியாததைத் தெரிந்தமாதிரி பேசுவது ஒரு வியாதி, உங்கள் நண்பருக்கு அது முற்றிவிட்டது. கூண்டு உடைப்பவர்கள் இருக்கிறார்கள்தான். 1998-இல் இங்கிலாந்தில் ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த மிங்க்குகளை, கீரி மாதிரி இருக்கும் வேட்டைப் பிராணிகளை, ஆயிரக்கணக்கில் திறந்துவிட்டார்கள், அவை சுற்றியிருந்த பறவைகளையும் சிற்றுயிர்களையும் வேட்டையாடின. அசட்டுத்தனம். விடுங்கள்.

என்னை உட்காரவைத்தது உங்கள் சீல் குட்டி. அதே மாதிரி ஒரு படம் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் வருடக்கணக்காக ஒட்டியிருந்தது. பனிமேல் வெள்ளை ரோமம், நனைந்த இரண்டு கறுப்புக் கண்கள். நீங்கள் அழுததில் தப்பே இல்லை. குட்டிகளை ரோமத் தோலுக்காகக் கொல்வதை எதிர்த்து 1976-இல் கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பினர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பனிவெளிக்குப் போனார்கள், அடுத்த வருடம் நடிகை பிரிஜித் பார்தோ போனார், குட்டியின் முகம் உலகமெல்லாம் போனது. 1983-இல் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் குட்டித் தோல் இறக்குமதிக்குத் தடை போட்டது. அந்தக் குட்டிகளைத் தடியால் அடித்துக் கொன்றது கொடூரம், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அதே பனியில் இனுயிட் மக்கள் இருக்கிறார்கள், நாம் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள். அவர்கள் பெரும்பாலும் வேட்டையாடியது வேறு இனத்தின் வளர்ந்த சீல்களை. கறி வீட்டுக்கு, தோல் சந்தைக்கு, தோல் விற்ற காசு பனிவண்டியின் பெட்ரோலுக்கும் தோட்டாவுக்கும். சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு இருந்தது, சரி. தோல் வாங்குகிறவன் சட்டத்தின் விலக்குப் பிரிவைப் படித்துவிட்டா வாங்குவான்? சீல் தோல் என்றாலே அசிங்கம் என்று ஆகிவிட்டது, விலை விழுந்தது. காசில்லை, பெட்ரோல் இல்லை, அப்புறம் வேட்டைக்கு எப்படிப் போவது, எதைச் சாப்பிடுவது? ஒரு மிருகத்தின் கண்ணைப் பார்த்த நமக்கு அதன் பக்கத்தில் நின்ற மனிதன் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் புகைப்படக்காரர் அல்ல, கண்ணுக்குக் குளிர்ச்சியான உயிருக்கு மட்டும் இரக்கப்படுகிற நம் சோம்பேறித்தனம். கிரீன்பீஸின் கனடா கிளை இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2014-இல். தடை வந்து முப்பத்தியொரு வருடம் கழித்து!

பணம் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். அடுத்த முறை அவர்கள் ஒரு படம் அனுப்பினால், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் எழுதிக் கேளுங்கள்.

என்னிடம் ஒரு அம்மா கேட்டார். சீலுக்காகக் கையெழுத்து வாங்கி வீடுவீடாக அலைந்த காலம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்க இருக்கிறவங்க என்னப்பா சாப்பிடுவாங்க?" என்றார். பனிக்கட்டியில் யாரம்மா இருக்கிறார்கள் என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.