தண்டையார்பேட்டையிலிருந்து சேப்பாக்கம்: பைக்கா, மெட்ரோவா?

அப்பாவோடு சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் பார்க்க பைக்கில் போவதா, மெட்ரோவிலா என்று கேட்டிருக்கிறீர்கள். பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் வரை ஒரே ரயில், சென்ட்ரலில் மாற வேண்டாம். அங்கிருந்து வாலாஜா சாலையில் நடந்தால் அப்பாவோடு மெதுவாகப் போனாலும் அரை மணிக்குள் மைதானம்.

போன தடவை பைக்கை எங்கேயோ நிறுத்திவிட்டு டாஸையே தவறவிட்டதாகச் சொல்கிறீர்களே, பெரும்பாலும் போக்குவரத்து மாற்றம்தான் காரணம். மேட்ச் அன்று மைதானத்தைச் சுற்றி போலீஸ் தடுப்பு போட்டுவிட்டால் பீச் ரோட்டில் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு முன் டிக்கெட்டில் ஸ்டாண்டோடு கேட் நம்பரையும் பாருங்கள். வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு, விக்டோரியா ஹாஸ்டல் ரோடு என்று வாசல்கள் வெவ்வேறு பக்கம் இருக்கின்றன, தப்பான பக்கம் போய் நின்றால் கூட்டத்துக்குள் முழுச் சுற்று. நான் அப்படி ஒருமுறை சுற்றியதில் செருப்பு வார் அறுந்து, மீதி மேட்சை வெறுங்காலோடு பார்த்தேன்!

தண்ணீர் பாட்டில், பெரிய பை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு மாத்திரை இருந்தால் சட்டைப் பையில் வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஆட்டம் இழுத்தால் கடைசி ரயில் நேரம் உதைக்கும், அன்றைக்கு நீட்டிப்பு உண்டா என்று மெட்ரோ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மெட்ரோவில் டிக்கெட்டுக்குப் பதில் பயன்படுத்தும் சிங்காரச் சென்னை கார்டில் திரும்பி வருவதற்கான காசையும் சேர்த்தே போட்டுவையுங்கள், ராத்திரி டிக்கெட் வரிசை வாசல் வரை நிற்கும்.