எலைன்மென்ட் செய்தும் டயர் தேய்கிறதே!

கேள்வி: ஐயா, என்னிடம் நிசான் பிரிமேரா பி11 இருக்கிறது. முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய்கின்றன. வீல் எலைன்மென்ட் செய்தும் கொஞ்ச நாளில் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. "இந்தக் காரில் கேம்பர் மாற்ற இடமில்லை, எதையாவது வளைத்துத்தான் பார்க்கவேண்டும்" என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பாதி உண்மை, தம்பி. பிரிமேராவின் முன்சில்லில் கேம்பரும் (சில்லு உள்ளோ வெளியோ சாயும் அளவு) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் அளவு) தொழிற்சாலையில் வைத்ததுதான். டோவை (சில்லின் முன்புறம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் டை ரொட்டில், அதாவது ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டில், மாற்றலாம். ஆனால் வளைக்க யாரையும் விடாதீர்கள். கேம்பர் மாறியிருந்தால் ஏதோ ஒரு புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) செத்திருக்கும், அல்லது பள்ளத்தில் விழுந்து, சில்லைக் காரோடு பிடிக்கும் ஓர் ஆர்ம் ஏற்கனவே வளைந்திருக்கும்.

இங்கே ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மெக்பர்சன் ஸ்ட்ரட்தான். அதில் ஷொக் அப்சோபரே சில்லை நிமிர்த்திப் பிடிக்கும். நிசான் 1990இல் வந்த முதல் பிரிமேராவிலேயே முன்பக்கத்துக்கு மல்டி லிங்க், அதாவது பல ஆர்ம்கள் (லிங்க்) சேர்ந்து சில்லைப் பிடிக்கும் அமைப்பு, வைத்தது. அதில் மேல் லிங்க் நேராக நக்கிளுக்கு (சில்லைத் தாங்கும் இரும்புக்கு) போகாது. இடையில் மூன்றாம் லிங்க் ஒன்று நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் நக்கிள் மட்டும் மூன்றாம் லிங்கின் பெயாரிங்கிலும் கீழ் போல் ஜொயின்டிலும் (குண்டு மூட்டிலும்) சுழலும், மேல் லிங்க் சும்மா இருக்கும். அதனால் கேம்பர் மாறும் விதத்தையும் ஸ்டியரிங் அச்சின் சாய்வையும் தனித்தனியே தீர்மானிக்க முடிந்தது. வளைவில் காரின் பொடி சாய்ந்தாலும் டயர் தரையை விடாது. நல்ல நிலையில் ஒரு பிரிமேராவை ஓட்டியவர் இதைக் கையிலேயே உணர்ந்திருப்பார்.

ஆனால் இந்த அமைப்பில் மூட்டும் ரப்பரும் கூடிவிட்டன. எலைன்மென்ட் மெஷின் நிற்கும் காரைத்தான் அளக்கிறது. புஷ் ஆடினால், திரையில் பச்சை காட்டிய அளவு பிரேக் பிடித்ததும் வேறாகிவிடும். ஒரு சில்லில் டோ 1 பாகை பிசகினாலே, கிலோமீற்றருக்குச் சுமார் 17 மீற்றர் டயர் பக்கவாட்டில் உரசுகிறது. கேம்பரை மட்டும் திட்டிப் பயனில்லை.

முதலில் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள் (திசை அம்பு உள்ள டயரென்றால் வேண்டாம்). இழுவை வலப்பக்கம் போனால் குற்றம் டயரில். நம் வீதிகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்தவை. இலேசாக இடப்பக்கம் போவது நோயே அல்ல. அப்புறம் காரைத் தூக்கி, ஒருவர் சில்லை மேலும் கீழும் பிடித்து அசைக்க, இன்னொருவர் புஷ்களைப் பார்க்கட்டும். பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கழற்றிய லிங்க் மலிவாகக் கிடைக்கும். இரும்பு நல்லதாக இருக்கலாம், ரப்பரும் அதே வயசுதான். புதுப் புஷ் போடுங்கள்.

பல பாஸ்மார் (மெக்கானிக்மார்) அவசரத்தில் விடும் வேலை ஒன்று உண்டு. கார் ஜாக்கில் தொங்கும்போதே லிங்க் போல்ட்டை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். சில்லில் பாரம் வந்த பிறகே கடைசி இறுக்கு. எலைன்மென்ட் அதற்குப் பிறகு.

கேள்வி: பழைய அவுடி ஏ4 வாங்கப் பார்க்கிறேன். அதன் முன்பக்கமும் இப்படித்தானா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. 1994இல் வந்த ஏ4இல் பக்கத்துக்கு நான்கு ஆர்ம், ஒவ்வொன்றுக்கும் தனி போல் ஜொயின்ட். ஆர்ம்களின் கோடுகளை நீட்டினால் சந்திக்கும் இடத்தில்தான் ஸ்டியரிங் அச்சு. அது சில்லின் நடுவை நெருங்கி விழுவதால், எக்ஸிலேட்டரை மிதித்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடுங்காது. மேல் ஆர்ம் இரண்டையும் பிடிக்கும் நீண்ட போல்ட் துருவேறி இறுகிவிடும், கழற்றுவது பெரும்பாடு. எட்டு ஆர்முக்கும் கூலிக்கும் விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசப் போங்கள்.